குருதியில் தேடிய குறி: முன்சூல்வலிப்பும் ஹார்மோன் அளவுகளும், 1934 முதல் 2023 வரை

கர்ப்பத்தின் 20ஆம் வாரம் தாண்டிய பிறகு, அதுவரை ஒழுங்காக இருந்த ரத்த அழுத்தம் 140/90க்கு ஏறுகிறது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது. சிலருக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் தடுமாறுகின்றன, தட்டணுக்கள் குறைகின்றன. மருத்துவமனைகளில் ப்ரீ-எக்லாம்ப்சியா என்று வழங்கும் இந்த நோயைத் தமிழில் முன்சூல்வலிப்பு என்று எழுதுகிறோம். உலக அளவில் 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். முற்றினால் வலிப்பு வரும், அதுதான் சூல்வலிப்பு. 2003-2009 காலத்தில் உலகில் நேர்ந்த தாய்மார் சாவுகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறுகளால் நேர்ந்தவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது.

நோயின் ஊற்று நஞ்சுக்கொடி என்பதில் இன்று ஐயம் இல்லை. முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் குழந்தையே உருவாகாமல் நஞ்சுக்கொடித் திசு மட்டும் மிகுந்து வளரும்போதும் இந்த நோய் வருகிறது. அதுவும் 20 வாரத்துக்கு முன்பே வருகிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் நோய் தணியத் தொடங்குகிறது. அதே நஞ்சுக்கொடி கர்ப்ப காலம் முழுக்கத் தாயின் ரத்தத்தில் ஹார்மோன்களைக் கொட்டிக்கொண்டிருக்கும் உறுப்பும்கூட. அப்படியானால் அந்த ஹார்மோன்களின் அளவைப் பார்த்து, நோய் வெளிப்படுவதற்கு முன்பே அதைக் கண்டுகொள்ள முடியாதா? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 90 ஆண்டு வயது. அதற்குள் மூன்று கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. ஹார்மோன் அளவு மாறுவது நோயின் அடையாளமா? அதுவே நோயின் காரணமா? அதை அறிந்துகொள்வதால் அந்தப் பெண்ணுக்கு என்ன நன்மை? முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விடையாக எடுத்துக்கொண்ட காலத்தில் பெருங்கேடு விளைந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வலிப்பிலிருந்து ரத்த அழுத்தத்துக்கு

சூல்வலிப்பு பழைய நோய். ஆனால் வலிப்பு வரும் வரை அது கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. 1843இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் லீவர், வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார். அதில் ஆல்புமின் புரதம் திரண்டு வெண்மையாகப் படிந்தது. 1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் அளக்கும் கருவியைத் தந்தார். அடுத்த ஆண்டே பிரான்சில் வாக்கேயும் நோபேக்கூரும் சூல்வலிப்பில் அழுத்தம் ஏறுகிறது என்று பதிவு செய்தார்கள். இந்த இரண்டு அளவைகளும் சேர்ந்த பிறகுதான் வலிப்புக்கு முந்தைய நிலை என்ற ஒன்று மருத்துவத்தின் பார்வைக்கு வந்தது. இன்றும் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிக்கு முதலில் பார்ப்பது இவ்விரண்டையும்தான்.

காரணம் மட்டும் பிடிபடவில்லை. ரத்தத்தில் ஏதோ நஞ்சு கலக்கிறது என்று கருதி இதை 'டாக்சீமியா' என்று அழைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகரப் பேராசிரியர் பவுல் ட்ஸ்வைஃபல் இதைக் கோட்பாடுகளின் நோய் என்று குறிப்பிட்டார். அப்போது ஆளுக்கொரு கோட்பாடு இருந்தது. அளந்து காட்ட ஒரு பொருள் இல்லை.

பாஸ்டனின் தம்பதியர்

அளக்கத் தக்க பொருள் 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் கிடைத்தது. செல்மார் அஷ்ஹைமும் பெர்ன்ஹார்ட் சோண்டெக்கும் கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்கு ஊசியாகச் செலுத்தினார்கள். சுமார் 100 மணி நேரம் கழித்து எலியை அறுத்து முட்டைப்பையைப் பார்ப்பார்கள். கர்ப்பம் என்றால் அது வீங்கி, அதில் ரத்தப் புள்ளிகள் தெரியும். இன்று எச்.சி.ஜி. என்று நாம் அறியும் ஹார்மோனின் வேலை அது. அன்று அந்த ஹார்மோன் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியிலிருந்து வருவதாக நினைத்தார்கள். ஊசி மருந்தை நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்த அளவு வரை எலியின் முட்டைப்பை அசைந்துகொடுக்கிறது என்று பார்த்தால் ஹார்மோனின் அளவும் ஓரளவு கிடைக்கும். ஓர் அளவீட்டுக்குப் பல எலிகளும் பல நாட்களும் செலவாகும்.

இப்படி உயிருள்ள விலங்குகளை வைத்து அளக்கும் முறையோடுதான் அமெரிக்காவின் பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில், பெண்களுக்கான இலவச மருத்துவமனையின் ஃபியரிங் ஆய்வகத்தில் ஒரு தம்பதியர் வேலையைத் தொடங்கினார்கள். கணவர் ஜார்ஜ் வான் சிக்ளென் ஸ்மித் மகப்பேறு மருத்துவர். மனைவி ஆலிவ் வாட்கின்ஸ் ஸ்மித் உயிர்வேதியியலாளர். 1934இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுதான்: கர்ப்பத்தின் பிற்பகுதியில் டாக்சீமியா வந்த பெண்களின் ரத்தத்தில் எச்.சி.ஜி. அளவுக்கு மீறி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனின் அளவும் இயல்பு பிசகுகிறது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் குறைவதையும், சிலரிடம் இந்த மாற்றங்கள் நோய்க்கு முன்பே தென்படுவதையும் எழுதினார்கள். முன்சூல்வலிப்புக்கு ரத்த ஹார்மோன் ஒரு முன்னறிகுறியாகலாம் என்ற எண்ணத்தின் தொடக்கம் இங்கேதான்.

அவர்கள் கண்ட அடையாளத்தில் பிழை இல்லை. முன்சூல்வலிப்பில் எச்.சி.ஜி. ஏறுவதைப் பிற்காலத்தில் நுட்பமான முறைகளும் உறுதி செய்தன. எலிகளின் முட்டைப்பையை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் வந்தது பெரிய சாதனை என்றே சொல்ல வேண்டும். பிசகு அடுத்த எட்டில் நேர்ந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டரோனும் குறைவதால் நோய் வருகிறது, குறைந்ததை நிரப்பினால் நோய் வராது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். கையருகே மருந்தும் இருந்தது. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் செயற்கை முறையில் உருவாக்கிய டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டி.இ.எஸ்., விலை மலிவானது. வாய்வழியே விழுங்கத் தக்கது. அதைக் கொடுத்தால் நஞ்சுக்கொடி தன் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும் என்பது ஸ்மித் தம்பதியரின் கணக்கு. பாஸ்டனின் ஜோஸ்லின் மருத்துவமனையில் பிரிசில்லா ஒயிட் ஏற்கனவே சர்க்கரை நோயுள்ள கர்ப்பிணிகளுக்கு இந்த ஹார்மோன் கருத்தின்படி சிகிச்சை தந்துவந்தார். 1947இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருச்சிதைவைத் தடுக்க இம்மருந்தை அனுமதித்தது. 1948இல் ஆலிவ் ஸ்மித் கர்ப்பகாலச் சிக்கல்களைத் தடுப்பதில் டி.இ.எஸ். தரும் பலனை விளக்கி எழுதிய கட்டுரை நாடெங்கும் மருத்துவர்களின் கைக்குப் போனது.

அந்தக் கட்டுரையில் இல்லாதது ஒன்றே ஒன்று: மருந்து பெறாத, ஆனால் மற்ற எல்லா வகையிலும் ஒத்த பெண்களோடு ஒப்பீடு. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் டீக்மன் அதைச் செய்தார். 840 பெண்களுக்கு டி.இ.எஸ்., 806 பெண்களுக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது யாருக்கும் தெரியாது. முடிவில் கருச்சிதைவு குறையவில்லை, குறைப்பிரசவம் குறையவில்லை, டாக்சீமியாவும் குறையவில்லை. அதே தரவைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அலசியவர்கள், மருந்து தீமையே செய்திருந்தது என்றும் கண்டார்கள். ஆனாலும் மருந்துச் சீட்டுகள் நிற்கவில்லை. 1971இல் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட், ஹோவர்ட் உல்ஃபெல்டர், டேவிட் போஸ்கான்சர் ஆகியோர் இளம்பெண்கள் 8 பேருக்கு வந்த அரிய வகைப் பெண்குறிப் புற்றுநோயை ஆராய்ந்தார்கள். அவர்களில் 7 பேரின் தாய்மார் கர்ப்ப காலத்தில் டி.இ.எஸ். உட்கொண்டவர்கள். அதே ஆண்டு நவம்பரில் கர்ப்பிணிகளுக்கு இதைத் தரக் கூடாது என்று அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. அதற்குள் அந்நாட்டில் தாயும் பிள்ளையுமாக 50 லட்சம் முதல் 1 கோடிப் பேர் வரை அம்மருந்துக்கு உட்பட்டிருந்தார்கள் என்பது மதிப்பீடு.

ஹார்மோன் குறிகளைப் பற்றி எழுதும் பல கட்டுரைகள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. அது நியாயமில்லை. ரத்தத்தில் கண்ட ஒரு மெய்யான அளவிலிருந்து புறப்பட்டு, பிறந்தே இராத பெண் குழந்தைகளின் உடலில் புற்றுநோயில் போய் முடிந்த பாதை இது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்த ஒருவரின் முடிவு அச்சில் வந்த பிறகும் 18 ஆண்டுகள் அந்த மருந்து புழக்கத்தில் இருந்ததை எப்படி மன்னிப்பது?

எழும்பூரின் அவசரம்

பாஸ்டனில் ஹார்மோன் அளந்த காலத்தில் சென்னையின் கவலை வேறாக இருந்தது. 1844இல் தொடங்கிய எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்கு வந்த பெண்களில் பலர் வலிப்பு கண்ட பிறகே கொண்டுவரப்பட்டவர்கள். அங்கே பணியாற்றிய பேராசிரியர் எம். கே. கிருஷ்ண மேனன் குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் மூன்றையும் சேர்த்து வலிப்பை அடக்கும் சிகிச்சை முறையை வகுத்தார். 1961இல் பிரிட்டிஷ் மகப்பேறு இதழில் அவர் எழுதிய கட்டுரை உலகப் பாடநூல்களில் இடம்பிடித்தது. இந்தியாவில் பல பத்தாண்டுகள் அதுவே வழக்கம். பிறகு மெக்னீசியம் சல்ஃபேட் அதைவிட மேல் என்று நிறுவப்பட்டது. 2002இல் வெளியான மேக்பை ஆய்வில் 33 நாடுகளின் 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். மெக்னீசியம் பெற்றவர்களுக்குச் சூல்வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே போனது. மேனனின் மருந்துக் கலவை வழக்கொழிந்தது முறைதான். ஆனால் நோயாளி வந்து நிற்கும் நிலையிலிருந்து சிகிச்சையை யோசித்த அந்த மரபு ஹார்மோன் ஆய்வுக்கும் தேவைப்பட்ட ஒன்று.

எலியிலிருந்து எதிர்ப்பொருளுக்கு

1950களின் இறுதியில் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய கதிரியக்க எதிர்ப்பொருள் அளவீடு எலிகளுக்கு விடை கொடுத்தது. ஒரு துளி ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லலாம் என்றானது. 1962இல் கண்டறியப்பட்ட நஞ்சுக்கொடி லாக்டோஜனையும், 24 மணி நேரச் சிறுநீரில் ஈஸ்ட்ரியோலையும் 1970களில் பல மருத்துவமனைகள் வரிசையாக அளந்தன. ஸ்கேனும் குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவும் பரவியதும் அந்தச் சோதனைகள் மெல்ல மறைந்தன. எச்.சி.ஜி. மட்டும் வேறு வழியில் திரும்பி வந்தது. 1980களின் பிற்பகுதியில் டவுன் நோய்க்குறியைக் கண்டறிய இரண்டாம் மும்மாதத்தில் அதை அளக்கத் தொடங்கினார்கள். அளவு மிகுந்தும் குழந்தைக்கு டவுன் குறை இல்லாத தாய்மார் சிலருக்குப் பின்னால் ரத்த அழுத்தம் ஏறுவதை 1990களின் தொடக்க ஆய்வுகள் கவனித்தன. ஸ்மித் தம்பதியர் கண்ட அடையாளம் வேறொரு நோய்க்கான சோதனையின் ஓரத்தில் மறுபடி தலைகாட்டியது.

1997, ஆக்ஸ்ஃபோர்டு

இன்ஹிபின், ஆக்டிவின் என்ற ஹார்மோன்கள் உடன்பிறப்புகள். இன்ஹிபின் ஏ என்பது ஆல்ஃபா, பீட்டா-ஏ என்ற இரு துண்டுகளின் சேர்க்கை. இரண்டு பீட்டா-ஏ சேர்ந்தால் ஆக்டிவின் ஏ. ஒன்று பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும், மற்றொன்று தூண்டும். கர்ப்பத்தில் இரண்டும் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. தொடக்ககால அளவீடுகள் தனித்துத் திரியும் ஆல்ஃபா துண்டையும் இன்ஹிபின் என்றே எண்ணிவிட்டதால் கணக்கு குழம்பிக் கிடந்தது. நைஜல் குரூம் இரண்டு துண்டுகளையும் இரு பக்கமும் பிடிக்கும் எதிர்ப்பொருள் இணைகளை உருவாக்கிய பிறகுதான் இன்ஹிபின் ஏயைத் தனியே அளக்க முடிந்தது.

அந்தக் கருவியோடு ஆக்ஸ்ஃபோர்டில் சாந்தி முத்துகிருஷ்ணா, ஃபில் நைட், குரூம், கிறிஸ் ரெட்மன், வில்லியம் லெட்ஜர் ஆகியோர் 1997இல் லான்செட் இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். முன்சூல்வலிப்பு உள்ள பெண்களின் ரத்தத்தை, அதே கர்ப்ப வாரத்தில் இருந்த நலமான பெண்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டபோது இன்ஹிபின் ஏயும் ஆக்டிவின் ஏயும் சுமார் 10 மடங்கு உயர்ந்திருந்தன. எச்.சி.ஜி.யில் காணும் ஏற்றம் இதற்கு அருகில்கூட வராது. கட்டுரையின் தலைப்பு இவற்றை 'சாத்தியமான' நாளமில்லாச் சுரப்புக் குறிகள் என்று மட்டுமே சொன்னது. அந்த நிதானம் பாராட்டத் தக்கது. இந்தத் துறைக்கு அது புதிது.

ஏற்கனவே நோய் வந்தவரிடம் 10 மடங்கு வேறுபாடு காண்பது வேறு. நோய் வரப்போகிறவரை முன்கூட்டி இனம் காண்பது வேறு. தொடர்ந்த ஆய்வுகள் 15 முதல் 20 வாரத்து ரத்தத்தை எடுத்து அளந்தபோது இன்ஹிபின் ஏயின் உயர்வு தெரிந்தது. ஆனால் நோய் வரப்போகும் பெண்களின் அளவுகளும் வராதவர்களின் அளவுகளும் பெரும்பகுதி ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. எந்தக் கோட்டைப் போட்டாலும் பலர் தவறிப் போவார்கள், அல்லது நலமான பலர் வீணாகப் பயப்படுவார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட தொகுப்பாய்வு, முன்சூல்வலிப்பை முன்னறிய நடைமுறைக்கு உதவும் சோதனை எதுவும் அதுவரை இல்லை என்று முடிவு சொன்னது.

காரணத்தை நிரூபித்தல்

அதற்கு முந்தைய ஆண்டே திருப்பம் வந்துவிட்டது. புரூக்லைனுக்குப் பக்கத்திலேயே, பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவ மையத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த சிறுநீரக மருத்துவர் ஆனந்த் கருமாஞ்சியின் குழு, நோயுற்ற நஞ்சுக்கொடியில் எந்த மரபணுக்கள் மிகையாக வேலை செய்கின்றன என்று தேடியது. எஸ்-எஃப்.எல்.டி.-1 என்ற புரதம் மேலெழுந்தது. ரத்தக்குழாய்ச் சுவர்களைப் பேணும் வி.இ.ஜி.எஃப்., பி.எல்.ஜி.எஃப். என்னும் இரு வளர்ச்சிக் காரணிகளையும் இது ரத்தத்திலேயே பிடித்து முடக்கிவிடும். கறாரான வரையறையில் இது ஹார்மோன் ஆகாது. ஆனால் ஓர் உறுப்பில் சுரந்து, ரத்தத்தில் ஓடி, தொலைவிலுள்ள உறுப்பை மாற்றுவதால் ஹார்மோன் ஆய்வின் நேர் வாரிசாகவே இதைக் கொள்ளலாம்.

ஸ்மித் தம்பதியர் செய்யாததை இவர்கள் செய்தார்கள். அந்தப் புரதத்தைக் கர்ப்பிணி எலிகளின் உடலில் மிகையாக உண்டாக்கிப் பார்த்தார்கள். அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரக வடிமுடிச்சுகள் முன்சூல்வலிப்பு வந்த பெண்களுடையதைப் போலவே வீங்கின. கர்ப்பமில்லாத எலிகளிலும் அப்படியே. வேறு பக்கத்திலிருந்தும் சான்று வந்தது. புற்றுநோய்க்காக வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் பெவசிசுமாப் மருந்து பெற்றவர்களுக்கும் அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் ஏறின. எஸ்-எஃப்.எல்.டி.-1 புரதத்துக்கான எஃப்.எல்.டி.-1 மரபணு 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோம் மூன்றாக உள்ள கருவைச் சுமக்கும் தாய்க்கு முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு கூடுதல்.

நோய்க்கு முன் என்ன நடக்கிறது என்பதை அறியப் பல ஆயிரம் பெண்களின் ரத்தம் பல வாரங்களில் எடுத்துச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அது இருந்தது. கால்சியம் மாத்திரை முன்சூல்வலிப்பைத் தடுக்குமா என்று 4,589 பெண்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு, தடுக்கவில்லை என்று 1997இல் முடிந்திருந்தது. அதன் ரத்த மாதிரிகள் உறைநிலையில் காத்திருந்தன. அவற்றிலிருந்து நோய் வந்த 120 பேர், வராத 120 பேரின் மாதிரிகளை ரிச்சர்ட் லெவினும் கருமாஞ்சியும் மற்றவர்களும் அளந்தார்கள். நோய் வெளிப்படச் சுமார் 5 வாரத்துக்கு முன்பே எஸ்-எஃப்.எல்.டி.-1 ஏறத் தொடங்குகிறது, பி.எல்.ஜி.எஃப். 13-16 வாரத்திலேயே குறைந்து காணப்படுகிறது. 2004இல் இது வெளியானது. பலன் இல்லை என்று ஒதுக்கப்பட்ட ஓர் ஆய்வு, மாதிரிகளைப் பத்திரமாக வைத்திருந்ததால் இந்த வரலாற்றின் மிகப் பயனுள்ள தரவைத் தந்தது.

அளவு கையில் வந்த பின்

இனி மூன்றாவது கேள்வி. 2016இல் வெளியான புராக்னோசிஸ் ஆய்வு, முன்சூல்வலிப்போ என்று ஐயப்பட்ட பெண்களிடம் எஸ்-எஃப்.எல்.டி.-1, பி.எல்.ஜி.எஃப். ஆகிய இரண்டின் விகிதத்தை அளந்தது. விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்பது 99.3 விழுக்காடு உறுதி. 38க்கு மேல் போனவர்களில் 4 வாரத்துக்குள் நோய் கண்டவர்கள் 36.7 விழுக்காடு மட்டுமே. ஆக, இந்தச் சோதனையின் பலம் 'இல்லை' என்று சொல்வதில் இருக்கிறது. 'உண்டு' என்று சொல்லும்போது அதன் குரல் தளர்கிறது. வீட்டுக்கு அனுப்பலாமா, வார்டில் வைத்துக்கொள்ளலாமா என்று தவிக்கும் மருத்துவருக்கு அந்த 'இல்லை'யே பெரிய உதவி.

2019இல் வெளியான பிரிட்டனின் பேரட் ஆய்வில், பி.எல்.ஜி.எஃப். அளவை மருத்துவருக்குச் சொன்ன மருத்துவமனைகளில் நோயை உறுதி செய்ய ஆன காலம் 4.1 நாளிலிருந்து 1.9 நாளாகக் குறைந்தது. தாய்க்கு நேரும் கடும் விளைவுகளும் குறைந்தன. அயர்லாந்தில் நடந்த அதேபோன்ற ஆய்வில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஒரே சோதனை, இரண்டு மருத்துவ அமைப்புகள், இரண்டு விளைவுகள். சோதனையைச் சுற்றியுள்ள கவனிப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதையே இது காட்டுகிறது. 2023 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இவ்விரு புரதங்களின் விகிதச் சோதனையை அனுமதித்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, 23 முதல் 34 வாரம் வரையிலான கர்ப்பிணிகளுக்கு மட்டும்.

தடுப்பிலும் பலன் வந்தது. 2017இல் வெளியான ஆஸ்பிரே ஆய்வு 11-13 வாரத்திலேயே தாயின் வரலாறு, ரத்த அழுத்தம், கருப்பைத் தமனியின் ஓட்டம், பி.எல்.ஜி.எஃப்., நஞ்சுக்கொடிப் புரதமான பாப்-ஏ ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு அபாயமுள்ளவர்களைப் பிரித்தது. அவர்களில் தினமும் 150 மி.கி. ஆஸ்பிரின் பெற்றவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4.3 விழுக்காட்டினருக்கும் 37 வாரத்துக்கு முந்தைய முன்சூல்வலிப்பு வந்தது. இங்கே ஹார்மோன் அளவு தனியே தீர்ப்புச் சொல்லவில்லை. பல சான்றுகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. டி.இ.எஸ்.ஸுக்கு நேர்மாறாக, சிகிச்சையை ஒப்பீட்டுக் குழுவோடு சோதித்த பிறகே பரிந்துரைத்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. ரத்த ஹார்மோன் அளவுகள் நோயின் மெய்யான அடையாளங்கள். 1934இலேயே அது தெரிந்துவிட்டது. எச்.சி.ஜி.யும் இன்ஹிபினும் ஆக்டிவினும் அடையாளம் என்ற நிலையிலேயே நின்றன. இங்கே பார்த்தவற்றில் எஸ்-எஃப்.எல்.டி.-1 ஒன்றே நோயை உண்டாக்கும் வழியோடு சேர்த்து நிறுவப்பட்டது. அதன் பயனும், சோதனை முடிவு வந்ததும் உடனே செயல்படக்கூடிய மருத்துவமனையில்தான் பலிக்கிறது. இந்தச் சோதனை வசதி இல்லாத இடங்களில் கர்ப்பிணியின் உயிரைக் காப்பவை இன்றும் ரத்த அழுத்தப் பட்டையும் சிறுநீர்ச் சோதனைப் பட்டியும் மெக்னீசியம் சல்ஃபேட்டும்தான். புதிய சோதனைக்குப் பணம் ஒதுக்கும் அரசு, முதலில் இம்மூன்றும் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் எந்நேரமும் கைக்கு எட்டும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், ஒவ்வொரு பரிசோதனையிலும் பி.பி. எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லாமல் தாமாகத் தொடங்க வேண்டாம். பிரசவம் முடிந்த பிறகும் 6 வாரம் வரை இந்த எச்சரிக்கை பொருந்தும். வலிப்பு பிரசவத்துக்குப் பின்னும் வரக்கூடியது.